வராத நாட்களுக்கு வந்த கடிதம்

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் தங்கையின் கணவர் மௌத்தானார். இங்கிலாந்தில் பணிபுரியும் அவருடைய ஒரே மகன் செய்தி கிடைத்தவுடன் மனைவியையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டான். ஆயினும் ஜனாஸாவுக்கு வந்துசேர அவனுக்கு இயலவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் வந்து, கபுரடியில் நின்று துஆச் செய்துவிட்டு வீடு திரும்பியவன், இத்தாவில் அமர்ந்துவிட்ட தாயின் முகத்தைக் கண்டான். பேரப் பிள்ளைகள் இருவரும் இரவும் பகலும் அவள் மடியருகே கிடந்தார்கள். ஒரு வாரத்தில் திரும்புவதாக இருந்த பயணம் மூன்று வாரமாயிற்று. அதைத் தவறென்று சொல்லக்கூடிய மனிதர் எவரும் நமது கடற்கரை ஊரில் இலர்.

அவர்கள் போய்ச் சேர்ந்த சில நாட்களில், அவ்வூர் ஆட்சிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. ஒன்றல்ல, நான்கு. பிள்ளைகள் வராத பள்ளி நாட்கள் 15. அவற்றுள் 5 நாட்களை மட்டுமே தலைமையாசிரியர் துக்கத்தின் பொருட்டு அனுமதித்திருந்தார். மீதிப் பத்து நாட்களுக்கும் அபராதம். அங்கே காலையும் மாலையும் தனித்தனி வேளைகளாகக் கணக்கிடப்படுகின்றன. பத்துப் பள்ளி வாரங்களுக்குள் பத்து வேளைகள் அனுமதியின்றித் தவறினாலே அபராதத்துக்கு வழியுண்டு. நம் பிள்ளைகள் தவறவிட்டவை இருபது வேளைகள். ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுன். தந்தைக்கு வேறு, தாய்க்கு வேறு. மகனுக்கு வேறு, மகளுக்கு வேறு. ஆக 320 பவுன்; நம் நாணயத்தில் 35,000 ரூபாய்க்கு அருகே. 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் தொகை இருமடங்காகும். 28 நாட்களும் கடந்தால் வழக்கு மன்றம். இத்தகைய அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடமில்லை. கட்டலாம், அல்லது கூண்டில் ஏறி வழக்காடலாம்.

“மாமா, மையித்துக்கு வந்ததுக்கு வரி போடுறாங்க” என்று தொலைபேசியில் கொதித்தான் மருமகன்.

நாமும் கொதித்தோம். இக்கட்டுரையைக் கோபக் கட்டுரையாகவே எழுதத் தொடங்கினோம் என்பதை வாசகரிடம் மறைப்பானேன்? கோபத்துக்குக் காரணங்கள் இல்லாமலும் இல்லை. பிள்ளையை அனுப்பாத பெற்றோரைத் தண்டிப்பது அந்நாட்டில் நேற்று வந்த வழக்கமன்று. 1870-ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளூர்ப் பள்ளிக் குழுமங்கள் விரும்பினால் வருகையைக் கட்டாயமாக்கலாம் என்றது. 1880-ல் ஐந்து வயது முதல் பத்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொதுவிதியாயிற்று. பஞ்சாலைக்கும் வயலுக்கும் கூலிக்குப் போன பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டுவர, வீடுவீடாகக் கதவு தட்டும் அலுவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஏழைத் தாய்க்கு இருபுறமும் அடி. பிள்ளையின் கூலியும் போயிற்று. பள்ளிக்கு வாரச் சம்பளமும் கட்ட வேண்டியிருந்தது. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் அச்சம்பளம் நீங்கியது 1891-ல்தான். கட்டாயம் முன்னே வந்தது; இலவசம் பதினோராண்டு பின்னே நடந்து வந்தது.

இப்போதும் அடி விழும் இடம் அதிகம் மாறிவிடவில்லை. வழக்கு மன்றத்தில் நிறுத்தப்படுவோரில் தாய்மாரே மிகுதி. 2002-ல் ஒரு தாய், தம் பெண்மக்கள் பள்ளிக்குச் செல்லாத குற்றத்துக்காக அறுபது நாள் சிறைத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது 28 நாளாகக் குறைக்கப்பட்டது. நாடே அதைப் பேசியது. 2004-ல் அதே குற்றத்துக்காக அதே தாய் மீண்டும் சிறை சென்றார். 2013 செப்டம்பர் முதல், விதிவிலக்கான சூழ்நிலை தவிர வேறெதற்கும் பள்ளி நாட்களில் விடுப்பளிக்கத் தலைமையாசிரியருக்கு இடமில்லாது போயிற்று. மகளை விடுமுறைப் பயணத்துக்கு அழைத்துச் சென்ற தந்தை ஒருவர் ‘என் பிள்ளை மற்ற நாட்களெல்லாம் ஒழுங்காகவே வந்தாள்’ என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார். ஒழுங்காக வருதல் என்பது பள்ளியின் விதிப்படி வருதலே என்று 2017 ஏப்ரலில் அம்மன்றம் தீர்ப்பளித்தது.

அச்சட்டத்துக்கு உரிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் தம் சமயத் திருநாளுக்காகப் பிள்ளையை நிறுத்திக்கொண்டால் அது குற்றமாகாது என்று சட்டமே சொல்கிறது. நம் பெருநாட்களுக்கு அங்கே அபராதம் இல்லை. வீட்டிலேயே வைத்து முறையாகக் கற்பிக்கவும் பெற்றோருக்கு உரிமையுண்டு. பெருநாளுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. மௌத்துக்குத் தலைமையாசிரியரின் மனத்தில்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அம்மனத்தில் ஐந்து நாள் கிடைத்தது.

இவ்வளவு எழுதியபின் பேனா நின்றுவிட்டது. நின்றதற்குக் காரணம் நம்முடைய பழைய கணக்கு ஒன்று.

1968-ல் நம் தங்கைக்கு வயது பதின்மூன்று. எட்டாம் வகுப்பில் இருந்தாள். கணக்கில் அவளை மிஞ்ச அவ்வகுப்பில் ஆண்பிள்ளைகளும் இல்லை. அவ்வாண்டு அவள் பருவமெய்தினாள். உம்மா அவளை வீட்டில் நிறுத்தினார்கள். வாப்பா அப்போது கொழும்பில் கடையில் இருந்தார்கள். ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருந்த நமக்கு அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘பிள்ளையை மேற்கொண்டு அனுப்பலாமா? நீ படித்தவன், உன் அபிப்பிராயம் எழுது’ என்று கேட்டிருந்தார்கள். நாம் எழுதினோம். ஊர் வழக்கத்தை மீறுவது குடும்ப மரியாதைக்கு ஆகாது என்று, நல்ல தமிழில், ஒரு பக்கம் எழுதினோம். கல்வி தேடுதல் கடமை என்று ஜும்ஆதோறும் மிம்பரடியில் அமர்ந்து கேட்ட காதுதான் அக்கடிதத்தையும் எழுதச் சொல்லிற்று.

அவள் வராததைப் பற்றிப் பள்ளியிலிருந்து எவரும் வந்து கேட்கவில்லை. சில நாட்கள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே குறி விழுந்திருக்கும். பிறகு சிவப்பு மையால் ஒரு கோடு.

அக்கோட்டை நாம் நன்கறிவோம். 1972 முதல் 2006 வரை நாமே பதிவேடு எடுத்தவர். மாணவர் தொகையைப் பொறுத்தே ஆசிரியர் பணியிடம் என்பதால், வராத பிள்ளையின் பெயரை ஆய்வாளர் வந்துபோகும் வரை அழியாமல் காப்போம். பெயர் இருக்கும், பிள்ளை இராது. ஆய்வு முடிந்தால் கோடு. ஆண்பிள்ளைகள் சபருக்குப் போனார்கள். பெண்பிள்ளைகள் திண்ணைக்கு உள்ளே போனார்கள். ஒருமுறை மட்டும், நன்றாகப் படித்த ஒரு மாணவி நின்றுவிட்டபோது மனம் கேளாமல் அவள் வீட்டுக்குச் சென்றோம். அப்பிள்ளையின் தகப்பனார் தேநீர் கொடுத்து உபசரித்து, மிக மரியாதையாகக் கேட்டார்: “நீங்க ஒங்க தங்கச்சிய எத்தனாம் வகுப்போட நிப்பாட்டுனீங்க, ஸார்?” தேநீரை முழுதும் குடித்துவிட்டுத் திரும்பினோம். பிறகு எந்த வீட்டுக்கும் போகவில்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலா போயிற்று? 1911-ல் கோகலே கட்டாயக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தபோது முகம்மதலி ஜின்னா அதை ஆதரித்துப் பேசினார். முதலில் ஆண்பிள்ளைகளுக்கே என்றிருந்த அம்மசோதாவும் மறு ஆண்டு தோற்றது. 1920-ல் வந்த சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டத்தில் கட்டாயத்துக்கு இடமிருந்தது. காமராசர் காலத்து மதிய உணவு, அபராதம் செய்யாததைச் செய்து பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொணர்ந்தது. ஆனால் நம் தங்கையை வீட்டில் வைத்தது பசியன்று. எங்கள் வீட்டு உலையில் அன்றாடம் மீன் ஆணமும் சோறும் கொதித்தன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ, கட்டாயம் என்ற சொல்லை அரசின் தோளில் வைத்து, பெற்றோருக்குக் கடமை என்று மட்டும் கூறித் தண்டனை ஏதும் விதியாது நிற்கிறது. ஏழைப் பெற்றோரை எண்ணினால் அதுவே கருணை. எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளை எண்ணினால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல நாவெழவில்லை. 1988-ல் கீழக்கரையில் பெண்களுக்கென்றே தாசீம் பீவி அப்துல் காதர் கல்லூரி எழுந்தபோது நம் தங்கைக்கு வயது முப்பத்து மூன்று.

அந்தக் கடிதத்தின் படத்தை மருமகன் கைபேசியில் அனுப்பியிருந்தான். இத்தாவிலிருக்கும் தங்கையிடம் சொல்ல வேண்டாமென்றே நினைத்தோம், பேத்தி சொல்லிவிட்டாள். ஆகவே அருகில் அமர்ந்து, வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினோம். அழுவாள், அல்லது தன்னால் மகனுக்கு நட்டமென்று வருந்துவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் மறுபடியும் படிக்கச் சொன்னாள். எந்தெந்த நாள் என்று தேதியோடு எழுதியிருக்கிறார்களா என்று கேட்டாள். எழுதியிருக்கிறார்கள் என்றோம்.

“பத்து நாளு வரலேண்டு எண்ணி வச்சிருக்காஹளே” என்றாள். குரலில் கோபமில்லை. தஸ்பீஹ் மணியை விரலில் நிறுத்திக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தாள்.

“எனக்கு இப்படி ஒரு கடுதாசி வந்திருந்தா வாப்பா என்ன செஞ்சிருப்பாஹ, காக்கா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “வாப்பா காசக் கட்டிட்டு, ஒன்ன வீட்டுலதான் வச்சிருப்பாஹ” என்றோம்.

“மொத மாசம் கட்டியிருப்பாஹ” என்றாள் தங்கை. “ரெண்டாம் மாசம் கணக்குப் பாத்திருப்பாஹ.”

அன்று மாலையே, தன் அலமாரியிலிருந்து பணம் எடுத்து மகனுக்கு அனுப்பச் சொல்லி நம் கையில் கொடுத்தாள். அவன் வேண்டாமென்று எவ்வளவோ மறுத்தான், அவள் கேட்கவில்லை. நான்கு கடிதங்களையும் கடையில் அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுபோய்க் கொடுத்தோம். நம்முடைய அந்த 1968-ஆம் ஆண்டுக் கடிதம், வாப்பாவின் மற்றக் கடிதங்களோடு அதே அலமாரியில்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தோம்.