வேலியில் ஒரு வழி

கடைக்குப் போகாமல் ஒரு குடும்பம் வாழ்ந்துவிட முடியுமா? அட்டப்பாடியில் எழுந்த கேள்வி மறையூர் வரை இழுத்துச் சென்றது.

கோவையிலிருந்து புறப்பட்ட பஸ் மாங்கரையைத் தாண்டி, மலையேறி, ஆனைகட்டியில் மூச்சு வாங்கி நிற்கிறது. எல்லையில் ஓடுவது கொடுங்கரைப்பள்ளம். இந்தக் கரை தமிழ்நாடு. அந்தக் கரை கேரளம்: பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. பள்ளத்தைக் கடந்ததும் பலகைகளில் எழுத்து மாறுகிறது. டீக்கடையில் பேச்சு மாறவில்லை. விலைவாசியும் மழையும் இருபுறமும் தமிழிலேயே அலசப்படுகின்றன.

"வாங்க மாப்ளே, பஸ்ஸுல கூட்டமுங்களா?" என்று பையை வாங்கிக்கொண்டார் மச்சான். என் தாய்மாமனின் இளைய மகன். வயது ஐம்பத்திரண்டு. கோவையில் பம்ப்செட் பட்டறை ஒன்றில் 22 ஆண்டுகள் லேத் ஓட்டியவர். 2014-ல் வேலையை விட்டுவிட்டு, தாத்தா விட்டுச் சென்ற மூன்று ஏக்கருக்குத் திரும்பினார். உப்பையும் மண்ணெண்ணெயையும் தவிர எதையும் கடையில் வாங்குவதில்லை என்பது அப்போது அவர் எடுத்த சபதம்.

நான் போனது தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க அல்ல. அவருடைய அண்ணன், அதாவது பெரிய மச்சான், தன் பங்கை விற்றுவிட வேண்டும் என்கிறார். மேட்டுப் பக்கமுள்ள ஒன்றரை ஏக்கருக்கு விடுதி கட்டும் ஆள் ஒருவர் நல்ல விலை சொல்லியிருக்கிறார். இருவருக்கும் பொதுவான ஆள் என்று என்னை அழைத்திருந்தார்கள்.

மச்சானிடம் ஒரு நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் 'வாங்கினது', வலப்பக்கம் 'வாங்காதது'. பத்தாண்டுக் கணக்கு அதில் இருக்கிறது. அத்தையையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் தானியம் என்றால், ஆண்டுக்குச் சுமார் 550 கிலோ. நல்ல மழை பெய்த ஆண்டில் ஓர் ஏக்கர் ராகி 500 கிலோ வரை கொடுத்திருக்கிறது. அதே நிலத்தில் ஊடுபயிராகத் துவரையும் அவரையும். அரை ஏக்கரில் சாமை. கிணற்றடியில் வாழை, முருங்கை, கீரை, ஏழு தென்னை. பட்டியில் பன்னிரண்டு ஆடுகள். எரு வெளியிலிருந்து வருவதில்லை. வேலியோரத்துச் சீமைக்கொன்றைத் தழை மண்ணுக்குப் போகிறது. விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு வாய் கட்டி வைத்திருக்கிறார் அத்தை.

இடப்பக்கம் காலியாகிவிடவில்லை. அரிசி ரேஷன் கடையிலிருந்து வருகிறது. எண்ணெய், அத்தையின் ரத்த அழுத்த மாத்திரை, மகனின் பாலிடெக்னிக் கட்டணம், செல்போனுக்கு ரீசார்ஜ். ஆண்டுக்கு நான்கைந்து ஆடுகள் விற்றால்தான் அந்தப் பக்கம் சமனாகிறது. "ராகி விளைய வெச்சறலாமுங்க. பாலிடெக்னிக்கை எங்க விதைக்கறது?" என்று சிரிக்கிறார்.

சபதத்தை முதலில் உடைத்தது 2016. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை அந்த ஆண்டு சராசரியைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வடகிழக்கும் கைவிட்டது. கிணறு வற்றியது. ராகி கதிர் பிடிக்கவில்லை. மச்சான் மீண்டும் மூன்று மாதம் பட்டறைக்குப் போனார்.

தண்ணீர்க் கணக்கைப் போடக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். 600 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் ஏறக்குறைய 24 லட்சம் லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். சரிவான நிலத்தில் அது நிற்பதில்லை. மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடிவிடும். சரிவுக்குக் குறுக்கே மண்வரப்பும் கல்கட்டும் போட்டார். கிணற்றில் ஊற்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் அவர் பெருமையாகச் சொன்னது அதை அல்ல.

"என் கிணத்துத் தண்ணி என் நிலத்துல பேஞ்ச மழை இல்லீங்க மாப்ளே. மேல ஊருக்காரங்க காட்டுல பேஞ்சது."

'ஊர்' என்றால் இங்கே ஆதிவாசிக் குடியிருப்பு. அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் என மூன்று சமூகத்தினர். ஊருக்குத் தலைவர் மூப்பன். விதைப்புக்கென்றே ஒரு பொறுப்பாளர் உண்டு, பெயர் மண்ணுக்காரன். அவர் விதைத்த பிறகுதான் மற்றவர்கள் விதைப்பார்கள். கம்பளம் என்பது பறை முழங்க ஊரே கூடி விதைக்கும் விழா. மச்சானின் அவரை விதையும் ராகி விதையும் அந்த ஊரிலிருந்து வந்தவைதான். அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த விதைகளைத் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்த வயல்கள் இவர்களுடையவை.

மேட்டுச் சரிவுக்கும் ஒரு கதை உண்டு. குடியேற்றமும் மரவெட்டும் சேர்ந்து கிழக்கு அட்டப்பாடியை மொட்டையாக்கியிருந்த காலத்தில், ஜப்பானியக் கடனுதவியுடன் 1996-ல் 'அஹாட்ஸ்' என்ற மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. வரப்பு, தடுப்பணை, மரக்கன்று எனப் பல ஆண்டுகள் வேலை நடந்தது. ஊர்க்காரர்களே செய்தார்கள். வறண்டு கிடந்த கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் தண்ணீர் ஓடியது. மச்சானின் கிணற்றுக்கு வேர் அங்கே இருக்கிறது.

அட்டப்பாடியில் இதை முன்பே செய்து பார்த்தவர்கள் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ணன் - விஜயலட்சுமி என்ற ஆசிரியத் தம்பதி வேலையைத் துறந்து அகளி அருகே பாழ்பட்ட மலைச்சரிவு ஒன்றில் குடியேறினார்கள். 'சாரங்' என்று பெயரிட்டு மாற்றுக் கல்விப் பள்ளி ஒன்றை நடத்தினார்கள். தீயையும் மேய்ச்சலையும் தடுத்து, சிறு சிறு தடுப்புகளால் மழையை நிறுத்தியதும் காடு தானாக மீண்டது. அவர்களும் பயிர் செய்து வாழ்ந்தார்கள். பணமுடையில் பள்ளி நின்றுபோனாலும் காடு நின்றது. பிற்பாடு அடுத்த தலைமுறை அந்த முயற்சியைத் தொடர்ந்தது.

மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. நாம் தன்னிறைவு என்பதை அவர்கள் 'சுயம்பர்யாப்தத' என்கிறார்கள். பர்யாப்தம் என்றால் போதுமானது. நிறைவு என்கிறோம் நாம். போதும் என்கிறார்கள் அவர்கள். எது எவ்வளவு போதும், யாருக்குப் போதும் என்ற கேள்வி மொழிபெயர்ப்பில் நழுவிவிடுகிறது.

கேரளத்தில் 44 ஆறுகள். 41 மேற்கே அரபிக் கடலுக்குப் போகின்றன. கபினி, பவானி, பாம்பாறு மூன்றும் கிழக்கே திரும்புகின்றன. அட்டப்பாடியின் நீர் பவானிக்குப் போகிறது. இடுக்கி மாவட்டத்தின் மறையூர் பக்கத்து நீர் பாம்பாறாகி அமராவதியில் சேர்கிறது. இரண்டும் மழை மறைவுப் பகுதிகள். இரண்டிலும் தமிழ் பேசும் விவசாயிகள். பவானிக் கரையில் பார்த்ததைப் பாம்பாற்றின் கரையிலும் சரிபார்த்துவிட்டு மச்சான்களிடம் பேசலாம் என்று தோன்றியது. கோவை திரும்பி, பொள்ளாச்சி வழியாக உடுமலைக்குப் போய், மூணாறு பஸ்ஸில் ஏறினேன்.

சின்னாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் முட்காடு. மூணாறில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அங்கிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சின்னாறில் 500 பெய்தால் பெரிது. இடையில் மறையூர். சந்தனக் காடு, பெருங்கற்கால முனியறைகள், அதன்பின் திடீரென்று பச்சைக் கரும்பு. சாலையோர ஆலைக்கொட்டகைகளில் பாகு கொதிக்கும் வாசனை. மறையூர் உருண்டை வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கொட்டகையில் கொப்பரைப் பக்கம் நின்றிருந்த பெரியவரிடம் ராகி போடுவதில்லையா என்று கேட்டேன். "எங்கப்பா காலத்துல நெல்லும் இருந்துச்சு, கேப்பையும் இருந்துச்சுங்க. இப்ப ரெண்டு ஏக்கரும் கரும்புதான். வெல்லம் போடுறோம், அரிசி வாங்குறோம்" என்றார். வெல்லம் விலை சரிந்தால்? "அரிசி குறையும்."

இன்னும் மேலே வட்டவடையிலும் காந்தளூரிலும் பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். காந்தளூர் - வட்டவடைப் பூண்டும் அட்டப்பாடித் துவரையும் ஒரே தொகுப்பில் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் இந்த மலைகளில் படிவயல்களுக்கு இடையே யூகலிப்டஸ் தோப்புகள் நிற்கின்றன. 'கிராண்டிஸ்' என்கிறார்கள். பராமரிப்பு வேண்டாம், சில ஆண்டுகளில் வெட்டிக் காசாக்கலாம் என்று வைத்தது. பலவற்றின் உரிமையாளர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். மேலே தோப்பு வந்த பிறகு கீழே ஊற்று மெலிந்தது என்பது இங்குள்ள விவசாயிகளின் பழைய புலம்பல். ஒருவர் தன் நிலத்தில் எதையும் நடலாம்தான். பாதிப்பு அவர் வேலியோடு நிற்பதில்லை.

சின்னாறு சரணாலயத்துக்குள் இருக்கும் தாயண்ணன்குடி முதுவர்களின் குடியிருப்பு. அனுமதியின்றிப் போக முடியாது, நானும் போகவில்லை. ஆனால் அவர்கள் செய்தது ஊரறிந்த விஷயம். கைவிட்டுப்போன ராகி சாகுபடியை வனத்துறையின் துணையோடு 'புனர்ஜீவனம்' என்ற பெயரில் மீட்டு, 30-க்கும் மேற்பட்ட பாரம்பரிய விதை வகைகளைத் தேடிச் சேர்த்தார்கள். தேசிய அளவில் விதைக் காவலர்களுக்கு வழங்கும் விருதும் கிடைத்தது. ஒரு வீட்டில் இல்லாத விதை இன்னொரு வீட்டில் இருந்தது. சேர்த்துப் பார்த்தபோதுதான் அத்தனையும் வந்தன.

திரும்பும் வழியில் ஜே.சி.குமரப்பாவை நினைத்துக்கொண்டேன். தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர். சரிவிகித உணவுக்கு எவ்வளவு நிலம், அதில் என்னென்ன பயிர் என்று அவர் அட்டவணை போட்டார். ஒரு வீட்டுக்கு அல்ல, ஒரு லட்சம் பேருக்கு. பல கிராமங்கள் சேர்ந்த வட்டாரம்தான் அவர் அளவுகோல். கேரளத்தில் ஒரு கைப்பிடிப்பின் சராசரி அளவு 0.18 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. அரை ஏக்கர்கூட இல்லை. வேலிக்குள்ளேயே எல்லாம் என்பது அங்கே கனவுக்கும் அடங்காது.

மீண்டும் அட்டப்பாடி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். 1963-ல் தாத்தா இந்த நிலத்தை வாங்கிய பத்திரம் என்று இதுவரை கேட்டிருந்தேன். வெற்றுத் தாளில் நான்கு வரி. கீழே ஒரு கைநாட்டு. தொகை நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. 1951-ல் அட்டப்பாடி மக்கள்தொகையில் ஏறக்குறைய தொண்ணூறு சதவிகிதம் ஆதிவாசிகள். 2001-ல் பாதிக்கும் கீழே. தமிழ்நாட்டிலிருந்து ஏறியவர்கள், திருவிதாங்கூரிலிருந்து ஏறியவர்கள் என எல்லோரிடமும் இப்படி ஒரு தாள் இருக்கும். 2013-ல் இந்த ஊர்களில் ஊட்டமில்லாமல் பச்சிளம் குழந்தைகள் இறந்தபோது நாடே அதிர்ந்தது. ராகியும் துவரையும் அவரையும் விளைந்த மண்ணில் பட்டினி எப்படி வந்தது என்பதற்கு இந்தத் தாளும் ஒரு பதில்.

சட்டம் மச்சானைத் தொடாது. ஆதிவாசி நிலத்தை மீட்டுத் தரும் 1975-ம் வருடத்துச் சட்டம் பெரும்பாலும் ஏட்டில் இருந்தது. 1999-ல் வந்த சட்டம், 1960-க்கும் 1986-க்கும் இடையில் கைமாறிய நிலங்களில் இரண்டு ஹெக்டேர் வரை வாங்கியவரிடமே விட்டுவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. மூன்று ஏக்கர் அந்த வரம்புக்குள் அடக்கம்.

"தெரியுமுங்க. வக்கீலும் அதைத்தான் சொன்னார்" என்றார் மச்சான். மறுநாள் காலையில் மேட்டுக்கு அழைத்துப் போனார். ஊரிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் பழைய தடம் இந்த நிலத்தின் மேற்பகுதி வழியாகப் போகிறது. தாத்தா அதில் முள்வேலி போட்டு அடைத்திருந்தார். ஐம்பது வருடம் அந்த மக்கள் சுற்றிப் போனார்கள். 2017-ல் மச்சான் வேலியைப் பிரித்து, பத்தடி அகலத்துக்குத் தடத்தைத் திறந்துவிட்டார். அது நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததாகாது என்று அவரே சொன்னார். ஆனால் அந்த ஆண்டிலிருந்து விதைப்புக்கு ஊரிலிருந்து சொல்லி அனுப்புகிறார்கள். இவர் அறுப்புக்கு அவர்கள் வருகிறார்கள். அவர்கள் அறுப்புக்கு இவர் போகிறார். பன்றி இறங்கும் ராத்திரிகளில் காவலும் முறை வைத்துத்தான்.

விற்கச் சொல்லும் ஒன்றரை ஏக்கரில்தான் அந்தத் தடமும் மழையை நிறுத்தும் வரப்புகளும் இருக்கின்றன. விடுதிக்காரர் முதலில் வேலி போடுவார், பிறகு போர் போடுவார்.

பெரிய மச்சானுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது: மகள் கல்யாணம், வீட்டுக் கடன். மேட்டை விற்றால் கீழே கிணறு நிற்காது, மீதி ஒன்றரை ஏக்கரும் வெறும் மனைதான் என்றேன். நோட்டின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். தடத்தைப் பற்றியும் தாளைப் பற்றியும் சொன்னேன். நீண்ட நேரம் பேச்சில்லை.

"அந்தத் தாளை அப்பா எங்கிட்டக் காட்டினதே இல்லைங்க மாப்ளே" என்றார் கடைசியில். "அடுத்த வாரம் நானே வர்றேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் வாங்கலை."

பஸ் ஏறும்போது அத்தை ஒரு துணிமுடிச்சைக் கையில் திணித்தார். அவரை விதை. சென்னையில் என் மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகள் காலியாக இருக்கின்றன.