தாடையிலி மீன் தந்த பாடம்

தமிழாசிரியராகிய நமக்கு மீனின் மூளையில் என்ன வேலை என இம்மலரைப் படிப்போர் வினவக்கூடும். சொல்லின் வேர்தேடிப் பழகிய கண்ணுக்கு உயிரின் வேர்தேடும் ஆராய்ச்சி அயலானதன்று என்பதே நம் விடை.

இலாம்பிரே என்பது குளிர்நாட்டு ஆறுகளிலும் கடல்களிலும் வாழும் மீன், விலாங்கு போன்ற வடிவினது, தாடையற்ற வட்டவாயினது. அதன் மரபும் நம் மரபும் பிரிந்து ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள் ஆயின என்பர். உளநூல் வல்லார் பிராய்டும் 1870களில், தம் மாணவப் பருவத்தில், இதன் நரம்புக் கலங்களையே வியன்னாவில் ஆராய்ந்தார்.

நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேச உதவும் இரசாயனப் பொருள்களுள் ஒருசாரன நரம்புப் பெப்தைட்டுகள். அமினோவமிலங்கள் மணிமாலைபோற் கோக்கப்பட்டு அமைந்தவை அவை. 1931இல் வான் ஒயிலரும் காடமும் கண்டறிந்த ‘பி பொருள்’ அவற்றுள் ஒன்று; அது 11 அமினோவமிலங்களால் ஆயது. இத்தகைய பொருள் எக்கலத்தில் உளதென அறிய, மூளையை மெல்லிய தகடுகளாகச் சீவி, அப்பொருளைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை ஒளிரும் சாயத்துடன் சேர்த்து இடுவர். நுணுக்குக்காட்டியில் அப்பொருளுள்ள கலங்கள் மட்டும் விண்மீன்போல் ஒளிரும். இவ்வாறே மூளையின் வரைபடம் உருவாகின்றது.

சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிறுவகத்துக் கிரில்னர் குழுவினர் 2011இல் இம்மீனின் முன்மூளையைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டனர். அசைவை ஆளும் பகுதியில், பி பொருளுள்ள கலங்களும் என்கெபலின் உள்ள கலங்களும், நம் மூளையிற் போலவே, இருவேறு வழிகளாய் அமைந்திருந்தன. முன்னவை அசைவைத் தொடக்க உதவுவன. பின்னவை அடக்க உதவுவன. தமிழில் மூன்று, மலையாளத்தில் மூன்னு, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு என நிற்கக் கண்டு அவற்றின் பொதுமூலத்தை உய்த்துணர்கிறோம் அல்லவா? அவ்வாறே, இவ்வமைப்பும் இரு மரபுகளும் பிரியுமுன்னரே தோன்றியிருத்தல் வேண்டும் எனக் கொள்கின்றனர்.

டொப்பமீன் என்னும் பொருள் குன்ற, இவ்விரு வழிகளின் சமநிலை குலைவதாற் பாக்கின்சன் நோயாளர் நடைதளர்வர். நம் தந்தையாரின் முத்துப்போன்ற கையெழுத்து அந்நோயால் எறும்புநிரைபோற் சிறுத்து, ஈற்றில் எழுதுகோலே கைவிட்டுப்போனதை நாம் கண்டோம். அக்கையை ஆண்ட ஒழுங்கு ஒரு மீனிலும் உளதென்று படித்தபோது நம் துயர் தீர்ந்ததன்று. ஆயினும் அம்மீனைக் கீழுயிர் என்றழைக்க நா எழவில்லை.

மாணவர்காள்! கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு என வகுப்பறைகளே வேறு. வேர்தேடும் அறிவு ஒன்றே. எளியதென்று எதனையும் தள்ளாதீர். உங்கள் வீட்டு நோய்க்கு மருந்து காணும் வழி அதனிடத்தே தொடங்கினும் தொடங்கும்.