யார் சார் இந்த எலிசபெத் ரீட்?

‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’ என்ற இசைத்தட்டின் அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? செங்கல் சுவர். அதன் முன்னால் அடுக்கி வைத்த கறுப்புப் பெட்டிகள். ஆறு ஆசாமிகள். எல்லோருக்கும் தலைமுடி எக்கச்சக்கம். யாரோ அசைவ ஜோக் சொன்ன மாதிரி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவு செய்த கச்சேரி என்பதால், சுவரும் நியூயார்க் சுவர் என்றுதான் பல வருஷம் நினைத்துக் கொண்டிருந்தேன். இல்லையாம். ஜிம் மார்ஷல் அந்தப் போட்டோவை எடுத்தது ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தில், மேக்கன் என்ற ஊரின் ஒரு சந்தில்.

அட்லாண்டாவிலிருந்து மேக்கன் காரில் ஒன்றரை மணி நேரம். கூட வந்த நண்பன் பி.காம். வகுப்பில் என் பக்கத்து பெஞ்ச். இப்போது அட்லாண்டாவில் கம்ப்யூட்டர் உத்தியோகம். "செவுரு பாக்க எவன்டா கார் எடுப்பான்?" என்று வழி நெடுகப் புலம்பினான். காரும் அவனுடையது, பெட்ரோலும் அவனுடையது. எனவே புலம்பும் உரிமையும் அவனுக்கே என்று விட்டுவிட்டேன்.

மேக்கன் சின்ன ஊர். ஆக்மல்கி என்று ஓர் ஆறு, நிறைய செர்ரி மரம், ஏகப்பட்ட சர்ச். லிட்டில் ரிச்சர்ட் பிறந்ததும், ஓட்டிஸ் ரெட்டிங் வளர்ந்ததும் இங்கேதான். ஓட்டிஸின் மேனேஜராக இருந்த ஃபில் வால்டன் இங்கே கேப்ரிகார்ன் என்று ஒரு ரிகார்டு கம்பெனி நடத்தினார். அவரை நம்பி 1969-ல் ஃபுளோரிடாவிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியதுதான் ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட்.

டுவேன் ஆல்மன் கிடார். தம்பி கிரெக் ஆர்கனும் பாட்டும். டிக்கி பெட்ஸ் இன்னொரு கிடார். பெர்ரி ஓக்லி பேஸ். புட்ச் டிரக்ஸ், ஜேமோ என்று இரண்டு டிரம்மர்கள். ஒரு டிரம்மருக்கே சம்பளம் கொடுக்க வழியில்லாத நிலையில் இரண்டு பேர்! தெற்கத்திப் பையன்கள் ப்ளூஸ், கன்ட்ரி, கொஞ்சம் ஜாஸ் எல்லாம் கலந்து சத்தத்தைக் கூட்டினால் அது சதர்ன் ராக் என்று பத்திரிகைகள் முத்திரை குத்தின. கிரெக்குக்கு அந்தப் பெயரே பிடிக்காது. ராக் பிறந்ததே தெற்கில்தானே, அப்புறம் எதற்குத் தனியாக ‘சதர்ன்’ என்பது அவர் கட்சி.

ஜேமோ கறுப்பர். மற்ற ஐவரும் வெள்ளையர். 1969-ல் ஜார்ஜியாவில் இந்த ஆறு பேர் ஒரே வேனில் போய் ஒரே மேஜையில் சாப்பிடுவது என்பது கிட்டத்தட்ட வம்பை விலைக்கு வாங்குகிற காரியம். அவர்களுக்குச் சோறு போட்டது கறுப்புப் பெண்கள் நடத்திய எச் அண்ட் எச் மெஸ். 1959-ல் ஹில், ஹட்சன் என்ற இரண்டு பெண்மணிகள் ஆரம்பித்தது. சமையல்கட்டுக்கு ராணி லூயிஸ் ஹட்சன். ஊரே அவரை ‘மாமா லூயிஸ்’ என்றது. (நம்மூர் மாமா இல்லை. அவர்கள் பாஷையில் அம்மா.) இந்தக் கோஷ்டி காசில்லாமல் வந்து, இரண்டு தட்டு மட்டும் ஆர்டர் செய்து பங்கு போட்டுச் சாப்பிடப் பார்க்க, அம்மாள் ஆளுக்கொரு தட்டு வைத்தார். அப்புறம் காசு வந்தபோது பையன்கள் பாக்கியைத் தீர்த்தார்கள். 1972-ல் டூர் போகையில் அவரையும் கூடவே அழைத்துப் போனார்கள். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாராக்கடன் இவ்வளவு அழகாக வசூலானதை நான் எந்தப் பேரேட்டிலும் பார்த்ததில்லை.

நாங்களும் அங்கேதான் சாப்பிட்டோம். பொரித்த கோழி, காராமணி, சோள ரொட்டி. நண்பன் சுத்த சைவம். தெற்கத்திச் சமையலில் கீரையைக்கூடப் பன்றித் துண்டு போட்டு வேகவைப்பது வழக்கம் என்று யாரோ முன்பே பயமுறுத்தி வைத்திருந்ததால், மெக்கரோனியோடு நிறுத்திக் கொண்டான்.

அடுத்து ‘பிக் ஹவுஸ்’. வைன்வில் அவென்யூவில் மூன்று மாடி உயர வீடு. 1970 ஜனவரியிலிருந்து மூன்று வருஷம் பேண்டும் குடும்பமும் குழந்தை குட்டிகளும் இங்கே குடித்தனம். மாத வாடகை 225 டாலர். 2009 முதல் மியூசியம். டுவேன் வாசித்த தங்க நிற கிப்ஸன் கிடார் பல காலம் இங்கே கண்ணாடிக்குள் இருந்தது. மனுஷர் 1970-லேயே அதைக் கொடுத்து, மேலே 200 டாலரும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் கொடுத்து வேறு கிடார் வாங்கிவிட்டார். கைமாற்றிய அந்தக் கிடார் 2019-ல் பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. "இதுக்குத்தான்டா எதையும் எக்ஸ்சேஞ்ச்ல குடுக்கக் கூடாது" என்றான் நண்பன். சென்ற மாதம்தான் அவன் பழைய காரைத் தள்ளியிருந்தான்.

இந்த வீட்டுச் சமையலறையில்தான் டிக்கி பெட்ஸ் ‘ரேம்ப்ளின் மேன்’ எழுதினார் என்கிறார்கள். 1973-ல் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்த பாட்டு. பேண்டின் பெரிய ஹிட் அதுதான். நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இவர்களின் பெஸ்ட் எது என்று கேட்டால் நான் அதைச் சொல்ல மாட்டேன். நான்கு நிமிஷப் பாட்டு எழுத அமெரிக்காவில் ஆயிரம் பேர் உண்டு. 23 நிமிஷம் வாசித்தும் வாட்ச்சைப் பார்க்க விடாமல் செய்ய இந்த ஆறு பேரால்தான் முடிந்தது.

அந்த 23 நிமிஷம் ‘விப்பிங் போஸ்ட்’. ஃபில்மோர் தட்டில் ஒரு முழுப் பக்கம். கிரெக்குக்கு இது நடு ராத்திரியில் தோன்றியது. வீட்டில் குழந்தை தூங்குகிறது, லைட் போட முடியாது, பேப்பர் இல்லை. தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்து அணைத்து, அந்தக் கரியால் இஸ்திரி மேஜையின் துணி உறையில் எழுதி வைத்தார். ஆரம்பம் பதினோரு எண்ணிக்கை. கிரெக் அதைக் கணக்காக யோசிக்கவே இல்லையாம். மூன்று மூன்றாக மூன்று தடவை, பிறகு திரும்ப ஏறிக்கொள்ள இரண்டு. அண்ணன் டுவேன்தான் ‘தம்பி, இது பதினொன்று’ என்று எடுத்துச் சொன்னார். நம்மூர் மிஸ்ர ஜாதி திரிபுடையும் பதினொன்றுதான், ஆனால் ஏழு, இரண்டு, இரண்டு என்று பிரிப்பு வேறு. காரில் நான் தொடையில் தாளம் போட்டுக் காட்டினேன். இரண்டாவது சுற்றிலேயே தப்பிப் போனது.

ஆற்றங்கரைச் சரிவில் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டம். 1840-ல் அமைத்தது. படிப்படியாக இறங்குகிறது, கீழே ரயில் பாதை, அதற்கப்பால் ஆறு. ராத்திரியில் பையன்கள் இங்கே வந்து கிடார் வாசிப்பார்களாம். கொஞ்சம் அலைந்து கண்டுபிடித்தேன். எலிசபெத் ஜோன்ஸ் ரீட் நேப்பியர். 1845-ல் பிறந்து 1935-ல் போய்ச் சேர்ந்தவர். டிக்கி பெட்ஸ் பிறக்கும் முன்பே காலமானவர். பின் எப்படி ‘இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்’?

விஷயம் இதுதான். டிக்கிக்கு ஒரு பெண் மேல் பிரியம். அவள் இன்னொரு பாடகரின் காதலி. அவளை நினைத்து ஓர் இசை அமைத்தாயிற்று. பெயர் வைக்க வேண்டும், அவள் பெயரை வைத்தால் உதை விழும். கல்லறையில் கண்ணில் பட்ட பெயரை எடுத்து வைத்துவிட்டார்!

பாட்டில் ஒரு வார்த்தை கிடையாது. ஃபில்மோர் பதிவில் 13 நிமிஷம். டிக்கி வால்யூமை மெல்ல ஏற்றி இறக்க, கிடார் வயலின் மாதிரி இழைகிறது. பிறகு இரண்டு கிடாரும் சேர்ந்து ஒரே வாக்கியத்தை இரண்டு குரலில் பேசுகின்றன. டிக்கி, கிரெக் எல்லாம் ஒரு சுற்று முடித்த பின் டுவேன் வருகிறார். சாவகாசமாகத்தான் ஆரம்பிக்கிறார். போகப் போக, யாரோ பின்னால் துரத்துகிற மாதிரி ஒரு வேகம். என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். வெட்கப்பட்டுப் பெயரை மறைத்தவன் வேறு எதையும் மறைக்கவில்லை என்பது கேட்டால் தெரியும்.

அதே தோட்டத்தில் பன்னிரண்டு வயதில் இறந்த மார்த்தா எல்லிஸ் என்ற சிறுமியின் சிலை. ‘லிட்டில் மார்த்தா’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. டுவேன் தனியாக அமைத்து இந்த பேண்டுக்காகப் பதிவு செய்தது இது ஒன்றே ஒன்று. இரண்டு கிடார், இரண்டு நிமிஷம். இதைப் பதிவு செய்த சில வாரங்களில், 1971 அக்டோபர் 29 அன்று, பிக் ஹவுஸில் பெர்ரியின் மனைவிக்குப் பிறந்த நாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். ஹில்கிரெஸ்ட் அவென்யூவில் ஒரு லாரி. வயது 24.

ஒரு வருஷம் பதின்மூன்று நாள் கழித்து, அங்கிருந்து மூன்று தெரு தள்ளி, பெர்ரி ஓக்லியின் மோட்டார் சைக்கிள் டவுன் பஸ்ஸில் மோதியது. ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பிக் ஹவுஸுக்குத் திரும்பினார். அன்றே இறந்தார். அவருக்கும் 24. ‘ரேம்ப்ளின் மேன்’ பாட்டில் கேட்கும் பேஸ் அவருடையதுதான். அது ஹிட்டானதைப் பார்க்க அவர் இல்லை.

24 வயதில் நான் ஒரு தனியார் கம்பெனியில் வவுச்சர் ஒட்டிக் கொண்டிருந்தேன். அதுவும் கோணலாக.

இரண்டு பேரும் அருகருகே படுத்திருக்கிறார்கள். கல்லில் டுவேனுக்கு ஒரு கிடார், பெர்ரிக்கு ஒரு பேஸ் செதுக்கியிருக்கிறது. ரசிகர்கள் தொல்லைக்குப் பயந்து சுற்றிலும் வேலி. அதுவரை பேசிக் கொண்டே வந்த நண்பன் இங்கே வாயைத் திறக்கவில்லை. அவனும் ஒரு காலத்தில் பைக் பைத்தியம்.

திரும்பும் வழியில் ‘ஜெஸிக்கா’ போட்டேன். டிக்கி தன் குழந்தை தவழ்ந்து குதிப்பதைப் பார்த்து அமைத்தது. இடது கையில் இரண்டே விரல் நன்றாக வேலை செய்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜிப்ஸி மேதையின் நினைவில், இரண்டு விரலாலேயே வாசிக்கிற மாதிரி மெட்டு. சக் லெவல் என்ற பையனின் பியானோ அதில் பிரமாதம். "டேய், இது டாப் கியர் மியூஸிக்டா!" என்று நண்பன் ஸ்டியரிங்கைத் தட்டினான். அவனுக்கு இதுதான் பெஸ்ட். இரண்டு சாவுக்குப் பிறகு ஒரு பேண்ட் இப்படியும் சந்தோஷமாக வாசிக்க முடிந்ததே என்பதற்காக நான் வாதாடவில்லை.

அண்ணன் போன பின் 43 வருஷம் கிரெக் பேண்டை இழுத்துப் பிடித்து நடத்தினார். நடுவில் சண்டை, பிரிவு, போதை, கோர்ட், மறுபடி சேர்க்கை எல்லாம் உண்டு. 2014 அக்டோபர் 28 ராத்திரி நியூயார்க் பீக்கன் தியேட்டரில் கடைசிக் கச்சேரி. வாசித்து முடிக்கையில் நள்ளிரவு தாண்டி 29-ம் தேதி ஆகிவிட்டது. கடைசியாக வாசித்தது ‘டிரபிள் நோ மோர்’. 1969-ல் ஆறு பேரும் முதன்முதலாகச் சேர்ந்து வாசித்த பாட்டும் அதுவேதான். 2017-ல் புட்ச் போனார், கிரெக் போனார். கிரெக்கை ரோஸ் ஹில்லில் அண்ணன் பக்கத்தில் வைத்தார்கள். 2024-ல் டிக்கியும் போக, ஆறு பேரில் மிஞ்சியவர் ஜேமோ ஒருவர்தான்.