காசிமேட்டு கானாவும் அரான் தீவு ஒப்பாரியும்

அந்தப் பாட்டில் வாத்தியமே கிடையாது. ஒரு பெண்ணின் குரல் மட்டும்தான். மேலே ஏறுகிறது, உடைகிறது, வழிந்து கீழே வருகிறது, மறுபடி ஏறுகிறது. சொல் எது, அழுகை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மொழி ஐரிஷ். திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறி, ராஜாஜி சாலையில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்சிக்கு வேலைக்குப் போகிற ஒருவர் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே போகிறார். அவருக்கு ஐரிஷ் தெரியாது. அயர்லாந்து எங்கே இருக்கிறது என்பதையே மகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். ஆனால், இது என்ன பாட்டு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு சாவு வீட்டுக் குரல் தெரியாதா?

ஆல்பத்தின் பெயர் 'சாங்ஸ் ஆஃப் அரான்'. 1957-ல் நியூயார்க்கின் ஃபோக்வேஸ் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. சிட்னி ராபர்ட்சன் கோவெல் என்ற அமெரிக்கப் பெண்மணி, அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் கிடக்கும் அரான் தீவுகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்தவர்களைப் பாடவைத்துப் பதிவு செய்தது. விற்கவில்லை என்பதற்காக எந்த இசைத்தட்டையும் நிறுத்திவிடக் கூடாது என்பது ஃபோக்வேஸை நடத்திய மோசஸ் ஆஷின் பிடிவாதம். அவர் இறந்த பிறகு, 1987-ல் அந்தக் களஞ்சியத்தை எடுத்துக்கொண்ட ஸ்மித்சோனியன் நிறுவனமும் அந்தப் பிடிவாதத்தைக் காப்பாற்றி வருகிறது. அதனால்தான் அரான் தீவின் ஒப்பாரி இன்று தேரடிக்காரரின் போனில் ஒலிக்கிறது.

அதை எடுத்துக் கொடுத்தவள் காலேஜில் படிக்கும் அவருடைய மகள். தாத்தா இறந்த ராத்திரி போனில் பதிவான கானாவைக் கேட்டுவிட்டு, "இதே மாதிரி அயர்லாந்துலயும் இருந்திருக்குப்பா" என்று அனுப்பினாள்.

இதே மாதிரிதானா?

அரான், மூன்று சின்னத் தீவுகள். பாறை அதிகம், மண் குறைவு. மரச்சட்டத்தின் மேல் தார் பூசிய துணியைப் போர்த்திய படகில்தான் அங்கே மீன்பிடிக்கப் போவார்கள். நம் கட்டுமரத்தைப் போலவே, பார்க்கிறவருக்கு 'இதை நம்பியா கடலுக்குள் போகிறார்கள்?' என்று தோன்றும் படகு. ஜே.எம்.சிங் எழுதி 1904-ல் மேடையேறிய 'ரைடர்ஸ் டு தி சீ' நாடகம் இந்த வாழ்க்கையைப் பற்றியதுதான். கணவனையும், மாமனாரையும், ஆறு மகன்களையும் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயின் கதை. அதில் ஒரு மகனின் உடலை அடையாளம் காண்பது, அவன் காலுறையில் தங்கை பின்னிய தையலின் எண்ணிக்கையை வைத்து. காசிமேட்டில் இந்த நாடகத்தைப் போட்டால் பொழிப்புரை தேவைப்படாது.

அங்கே சாவு வீட்டில் பிணத்தைத் தனியாக விட மாட்டார்கள். ராத்திரி முழுக்க ஊர் கூடி விழித்திருக்கும். ஒப்பாரி சொல்லத் தெரிந்த பெண்கள் வருவார்கள். இறந்தவரின் பெயர், குலம், கொடை, அழகு எல்லாம் சொல்லி அழுவார்கள். சில இடங்களில் அதற்குக் கூலியும் உண்டு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் புகையிலை, சாராயம், கதை, பாட்டு, விளையாட்டு. ஆமாம், சாவு வீட்டில்தான் விளையாட்டு! பாதிரியார்கள் பல தலைமுறைகளாக இதைக் கண்டித்தார்கள். ஒப்பாரியையும் சேர்த்துத்தான். காட்டுமிராண்டித்தனம், மரியாதைக் கேடு என்றார்கள். ஜனங்களுக்கும் மெல்ல மெல்ல வெட்கம் வந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்த ஒப்பாரி பெரும்பாலும் அடங்கிவிட்டது. கோவெல் போய்ச் சேர்ந்தபோது, அதைப் பாடத் தெரிந்தவர்கள் சிலரே மிஞ்சியிருந்தார்கள். ஆல்பத்தில் இருக்கும் அந்த ஒப்பாரி, எதிரில் பிணம் இல்லாமல் மைக் முன்னால் பாடியது.

இனி வடசென்னைக்கு வரலாம்.

இங்கே பெண்களுக்கு ஒப்பாரி, ஆண்களுக்கு ராத்திரி கானா. 'கானா' என்றால் இந்தியிலும் உருதுவிலும் பாட்டு, அவ்வளவுதான். ஆனால், சென்னையில் அந்தச் சொல்லுக்கு ஒரு முகவரி உண்டு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா ஓட்டியவர்கள், மீன் வண்டி தள்ளியவர்கள், அதிலும் பெரும்பாலும் தலித் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் வளர்த்த பாட்டு. கானா பாடகர்கள் பலர் தங்கள் மூத்தவர் என்று கைகாட்டுவது குணங்குடி மஸ்தான் சாகிபுவை. 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த சூஃபிக் கவிஞர். அவர் தர்கா ராயபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது. தொண்டியிலிருந்து வந்ததால் அவர் 'தொண்டியார்', அவர் இருந்த இடம் தண்டையார்பேட்டை என்பார்கள். உடம்பு பொய், கூடு காலியாகும், கூட வருவது ஏதுமில்லை என்று சித்தர்கள் பாடிய அதே சங்கதியைத்தான், தகர டின்னைத் தட்டிக்கொண்டு மரண கானா பாடுகிறது.

டின் இல்லாவிட்டால் மேஜை. மேஜை இல்லாவிட்டால் தீப்பெட்டி. வசதி இருந்தால் டோலக், சட்டி, கீபோர்டு. 1990-களில் தேவாவின் இசையில் கானா சினிமாவுக்குள் அமர்க்களமாக நுழைந்தது. 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன்களின் கல்யாணப் பாட்டு கிராமத்துத் திருவிழா வரைக்கும் போனது. விஜி என்ற பாடகருக்கு 'மரண கானா' என்பது பெயரோடு ஒட்டிய பட்டமாகவே ஆகிவிட்டது. ஆண்களின் கோட்டையாக இருந்த இந்தப் பாட்டுக்குள் ராயபுரத்துப் பெண்ணான இசைவாணி வந்தார். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவோடு மேடையேறினார். 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

இவ்வளவுக்குப் பிறகும் கானா என்றால் 'ரௌடிப் பாட்டு' என்று முகம் சுளிக்கிற வீடுகள் இருக்கின்றன. கானாவில் அசிங்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெண்களைக் கேவலப்படுத்தும் வரிகளை யூடியூபில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால், அதை வைத்து மொத்தக் கானாவையும் எடைபோடுகிறவர்கள், சினிமாப் பாட்டை மட்டும் அப்படி எடைபோடுவதில்லை.

முகம் சுளித்த வீடுகளில் தேரடிக்காரரின் அண்ணன் வீடும் ஒன்று. அம்பத்தூரில் சொந்த ஃபிளாட், பிள்ளைகளுக்கு பெரிய ஸ்கூல். நைனா இறந்த அன்று மாலை, ராயபுரத்திலிருந்து நைனாவின் கூட்டாளிகள் நாலைந்து பேர் டோலக்கோடு வந்து இறங்கினார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஒரு காலத்தில் நைனா ஹார்பரில் வின்ச் ஓட்டியபோது கூடவே வேலை பார்த்தவர்கள். அண்ணன் தம்பியைத் தெரு முனைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இதெல்லாம் வேணாம்டா. பசங்க ஃப்ரெண்ட்ஸோட அப்பா அம்மா வராங்க. ஃப்ரீஸர் பாக்ஸ் வெச்சாச்சு, காலையில சீக்கிரம் எடுத்துடலாம். அமைதியா முடிச்சிடலாம்."

தம்பிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்தால்தான் சில கதவுகள் திறக்கின்றன என்பது இருவருக்கும் தெரியும். பதில் சொன்னது அம்மா. ஒப்பாரிக் கூட்டத்தின் நடுவிலிருந்து தலையை மட்டும் தூக்கி, "அவங்க பாட்டுக்குப் பாடட்டும். அவங்க வந்தது உங்களுக்கோசரமா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு ஸ்பீக்கர். எட்டரை மணிக்குத் தொடங்கிய பாட்டு நன்றாகவே இருந்தது. ஆனால், ஸ்பீக்கர் போட்ட பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. எல்லாருக்கும் கேட்கும், யாரும் கேட்க மாட்டார்கள். வந்தவர்கள் போனைப் பார்த்தார்கள். ரியல் எஸ்டேட் பேசினார்கள்.

பத்து மணிக்கு ரோந்து போலீஸ்காரர் ஒருவர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மாலைக்குக் கும்பிடு போட்டார். அப்புறம் தன்மையாகவே சொன்னார். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஸ்பீக்கர் கூடாது, சட்டம். ஸ்பீக்கரை அணைத்தார்கள். அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி.

அதற்குப் பிறகுதான் பாட்டு ஆரம்பித்தது.

மைக் இல்லை என்றதும் கிழவர்கள் நாற்காலிகளை இழுத்து வட்டமாகப் போட்டார்கள். டோலக்கை ஓரமாக வைத்துவிட்டு, கேன் மூடியில் விரலால் தாளம். குரல் சின்னதானதும் ஜனம் கிட்டே வந்தது. ஒருவர் ஒரு அடி பாடினால் இன்னொருவர் "அப்டிப் போடு" என்றார். பொதுவான தத்துவமெல்லாம் அரை மணியில் தீர்ந்துபோய், நைனாவின் சொந்தக் கதை வெளியே வந்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிய கொலுசு. மழை நாளில் வழுக்கி, கப்பல் ஏணியில் தொங்கியது. மகன்களுக்கு ஃபீஸ் கட்ட இரண்டு ஷிஃப்ட் பார்த்தது. கடைசியாக ஹார்பர் வாசல் டீக்கடையில் எழுதிவைத்திருந்த கடன். 'எமனே, நீ கூட்டிப் போறவன் டீக்குக் காசு தரமாட்டான், பார்த்து நடந்துக்கோ' என்கிற மாதிரி ஓர் அடி விழுந்தது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார். அண்ணன் எப்போது வந்து வட்டத்தில் உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. கொலுசு விஷயம் அவருக்கு அன்றைக்குத்தான் தெரியுமாம்.

இதில் நாற்பது நிமிடம் தம்பியின் போனில் பதிவாகியிருந்தது.

அரான் ஆல்பத்தைக் கேட்கும்போது அவருக்கு உறுத்துவதும் இந்த இடம்தான். அதன் மற்ற பாட்டுகளும் தனிக் குரல் பாட்டுகளே. 'ஷான் நோஸ்', அதாவது பழைய பாணி என்பார்கள். மகள் தேடிப் படித்துச் சொன்னாள். அந்தப் பாட்டு பாடும்போது பக்கத்தில் இருப்பவர் பாடகரின் கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டோடு சேர்த்து மெல்லச் சுற்றுவாராம். நடுநடுவே கேட்பவர்கள் 'பலே' என்கிற மாதிரி குரல் கொடுப்பார்களாம். பாட்டு முடியும்போது கடைசிச் சொற்களை ராகமில்லாமல், சும்மா பேசுவது போலச் சொல்லி நிறுத்துகிறவர்களும் உண்டாம். அந்தப் பெண் ஒப்பாரி பாடும்போது மட்டும் கையைப் பிடிக்க யாரும் இல்லை. இறந்தவருக்குப் பெயர் இல்லை. கொலுசு இல்லை, டீக்கடை இல்லை. தேரடியில் ஏறினால் மண்ணடியில் இறங்குவதற்குள் பலமுறை கேட்டுவிடலாம், அவ்வளவு சின்னப் பதிவு. ஒரு தீவின் எத்தனையோ ராத்திரிகளில் மிஞ்சியது அது. அதுவும் ஒரு வெளியூர்க்காரி கருவியோடு போனதால்.

நைனாவின் கூட்டாளிகளில் ஒருவர் இந்த ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வீட்டில் கானா வைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் பாட்டிக்கு அரான் ஒப்பாரியைப் போட்டுக் காட்டினாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"யார்டி செத்தது?"

"யாரும் சாகல ஆயா. ரெக்கார்டிங்குக்காகப் பாடுனது."

"சாவு இல்லாம இப்படி அழ முடியாது. மனசுக்குள்ள யாரையோ வெச்சிக்கினுதான் அழுவுறா" என்றார். திரும்பவும் ஒருமுறை போடச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். அந்த நாற்பது நிமிடத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம், சம்பந்தி வீட்டுக்காரர்களும் கேட்கட்டும் என்றார். ஒரே ஒரு விஷயம். டீக்கடைக் கடன் வருகிற இடத்தை மட்டும் வெட்டிவிடலாமா?

தம்பி போனை அம்மாவின் காதில் வைத்தார்.

"அத்த ஏன்டா வெட்டுற? இருக்கட்டும். முன்னூத்தி அறுவது ரூபா. பதினாறாம் நாளு நான்தான் போயி அடைச்சிட்டு வந்தேன்."