ஆர்.எஸ்.புரத்து விடுதி

கோயம்புத்தூருக்குக் காரியமாக வருகிறவர்கள் காந்திபுரத்துப் பேருந்து நிலையத்தை ஒட்டியோ அவிநாசி சாலையின் அடுக்குமாடி ஹோட்டல்களிலோ தங்கி, வந்த வேலை முடிந்ததும் புறப்பட்டுவிடுவது வழக்கமாதலால், அந்நகரத்து ஜனங்களின் அன்றாட வாழ்வைக் காணும் சந்தர்ப்பம் அவர்களுக்குக் கிட்டுவதேயில்லை. எனக்கு அது ஓர் ஆடி மாதத்தில், ஆர்.எஸ்.புரத்தில் சம்பந்தம் சாலைக்கு அருகே, பழைய பங்களா ஒன்றைச் செப்பனிட்டுச் சில அறைகளே கொண்ட பூட்டீக் ஹோட்டலாக நடத்திவரும் ஓர் இடத்தில் வாய்த்தது.

அந்தப் பேட்டை தற்செயலாய் வளர்ந்ததன்று. 1896ஆம் ஆண்டில் பம்பாயில் தலைகாட்டிய பிளேக் நோய், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரையும் பற்றிக்கொள்ள, நெருக்கமான சந்துகளும் காற்றுப் புகாத வீடுகளுமாயிருந்த பழைய ஊரில் ஜனங்கள் மடிந்தார்கள். அந்தப் பீதியின் சாட்சியாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. காற்றும் வெளிச்சமும் உயிரைக் காக்கும் என்று கற்றுக்கொண்ட அந்தத் தலைமுறைக்குப் பின்னரே, நகரசபைத் தலைவராயிருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் தாங்கிய இப்பகுதி, நேரான அகன்ற வீதிகளோடும் வீட்டுக்கு வீடு இடைவெளியோடும் விரிந்தது.

அதன் பிரயோஜனத்தை நான் என் அறையின் ஜன்னலருகே அனுபவித்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் ஆடிக் காற்று, தேக்கு ஜன்னலின் மரச்சட்டங்களைத் தடதடவென்று ஆட்டி, சிவப்புக் காவித் தரையின்மேல் வேப்பஞ்சருகைக் கொணர்ந்து கொட்டும். கூடவே சில சமயம் சாரலும் வரும். மின்விசிறியின் தேவையே எழவில்லை. விடியற்காலையில் எதிர்வீட்டு அம்மாள் வாசல் தெளித்துக் கோலமிடுவதும், பால்காரர் சைக்கிளை நிறுத்தி மணியடிப்பதும், பள்ளிப் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பும் அமளியும், விடுதிக்கென ஏற்பட்ட காட்சிகள் அல்ல; நாம் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடப்பவை. அதனால்தான் அவை அவ்வளவு மதிப்புடையனவாக எனக்குப் பட்டன.

சமையல்கட்டில் ஒரு நாள் சந்தகை பிழிவதைப் பார்த்தேன். ஊறவைத்து அரைத்த புழுங்கலரிசி மாவை இட்லியாக வேகவைத்து, ஆவி அடங்குமுன் அச்சிலிட்டுத் திருகை அழுத்த, வெண்ணிற இழைகள் தட்டில் சுருண்டு விழுந்தன. சமைப்பவர், நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே, “சூடு ஆறிப்போச்சுன்னா பிழிய வராதுங்க. ரெண்டு கையும் போட்டு அமுக்கோணும்” என்றார். தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றி ஒரு தட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்தது ஒரு தட்டு என்று வைத்துவிட்டு, “கூச்சப்படாமச் சாப்பிடுங்க” என்று நின்றார். மத்தியானத்துக்கு அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி இவ்வூரார் பெருமை பேசுவதில் நியாயமுண்டு என்பதையும் அந்தச் சாப்பாட்டுக்கிடையில் உணர்ந்தேன்.

வீட்டின் சொந்தக்காரர் ஒரு மாலை முன்வாசலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். தகப்பனார் காலத்து வீடு, உடன்பிறந்தவர்கள் வெளிநாட்டில், இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டித் தருவதாகப் பலர் வந்தார்களாம். “அறைவாடகை வர்றது வீட்டைப் பழுது பார்க்கவே சரியாப் போகுதுங்க. ஆனா வீடு நிக்குதல்லங்க?” என்றார். இரவு பத்து மணிக்கு மேல் விருந்தோ சங்கீதமோ கூடாதென்றும், விருந்தினர் வண்டிகளைக் காம்பவுண்டுக்குள்ளேயே நிறுத்த வேண்டுமென்றும் அவர் விதித்திருக்கும் நிபந்தனைகள் எனக்கு மிகவும் உசிதமாகத் தோன்றின. சுற்றியிருப்போர் உறங்கவேண்டிய தெருவில் தொழில் நடத்துகிறவருக்கு அதுவே முதற் கடமை.

அதே தெருக்களில் வாரிசுகள் திரும்பி வராமல் பூட்டிக்கிடக்கும் பங்களாக்களை மாலை நடையில் கண்டேன். தோட்டத்து மாமரங்கள் காய்த்து உதிர்ந்து, எடுப்பாரின்றிக் கிடந்தன. அவற்றின் உரிமையாளர்கள், விலைபேச வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன், இந்த விடுதியில் ஓரிரவாவது வந்து தங்கி, வீட்டுக்காரரோடு முன்வாசலில் உட்கார்ந்து வரவு செலவைக் கேட்டுப் போகவேண்டுமென்று மனமார விரும்புகிறேன்.