பாசம் போட்ட பூட்டு

பதினேழாம் வயதுவரை நாம் தனியே பேருந்து ஏறியதில்லை. மிகையன்று தோழர்களே, மெய்! புத்தகப்பையைச் சுமந்து வந்தவர் தந்தை. கடையில் விலை கேட்டவர் தாய். ஆசிரியர் நம்மை வினவினால், “பையன் கூச்சப்படுவான் ஐயா” என்று விடை பகர்ந்தவரும் அவரே. தங்கமான பிள்ளை என்று ஊர் மெச்சிற்று. ஆம், தங்கந்தான், பெட்டியிலே பூட்டப்பட்ட தங்கம்! மூத்த பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர்கள் அவர்கள், அஞ்சியதில் வியப்பில்லை.

பிறகு கல்லூரி விடுதி. முதல் நாள், குழம்பு வேண்டுமென்று கேட்க நா எழவில்லை. வெறுஞ்சோற்றை விழுங்கினோம். அருகிருந்தவன் சிரித்தான். நட்புக்கு அழைத்த சிரிப்பு அது என்பது இன்று விளங்குகிறது. அன்றோ ஏளனமென்றே எண்ணினோம். அறைக்குள் ஓடி, கையாலாகாதவன், மக்கு, மண் என்று நம்மை நாமே வைதோம். பகைவனிடமும் பேசத் துணியாத சொற்கள்! ஏன் அந்தக் கொடுமை? தவறு செய்தபின்னும் உலகம் இடிந்து விழுவதில்லை என்று கண்டறியும் வாய்ப்பு நமக்கு அதுவரை வாய்க்கவேயில்லை. நம் சண்டைக்குச் சமாதானம் பேசியவரும் பெற்றோரே அன்றோ!

தன்னிடம் தானே பரிவு கொள்வதை அமெரிக்க உளவியலறிஞர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் மூன்றாகப் பகுத்தார்: தன்னைக் கடியாது கனிவு காட்டல்; தவறுதல் மாந்தர் அனைவர்க்கும் பொது என உணர்தல்; துயரை ஊதிப் பெருக்காது உள்ளபடி காணல். கூண்டுப் பிள்ளைக்குக் கிட்டாதது அந்த இரண்டாவதே. பிறரோடு பழகினாலன்றோ பிறரும் தடுமாறுவது தெரியும்?

இவ்வளவும் அறிந்த நாம் செய்தது என்ன? பதினான்கு வயது மகள், “மிதிவண்டியில் நூலகம் போய் வருகிறேன் அப்பா” என்றாள். “காலம் கெட்டுக் கிடக்கிறது” என்றோம். மேடையிலே பெண் விடுதலை முழங்கும் அதே வாய்! மகனாயிருந்தால் இத்தனை தயங்கியிருப்போமா? வெட்கினோம். சென்ற ஞாயிறன்று அனுப்பினோம். வாயிற்படியை விட்டு நகராமல் காத்திருந்தோம்.

ஒரு மணி நேரம் தாழ்த்து வந்தாள், கையெல்லாம் கறுப்பு எண்ணெய். வழியில் சங்கிலி கழன்றதாம். மிதிவண்டிக் கடைக்காரரைக் கேட்டுக் கேட்டுத் தானே மாட்டினாளாம்.

“முதலில் தப்பாக மாட்டிவிட்டேன் அப்பா. எல்லார்க்கும் முதலில் அப்படித்தான் வருமாம், அவர் சொன்னார்” என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போனாள்.