தாப்பா வளைவுகளில் ஒரு சின்ன கார்

ஸ்போர்ட்ஸ் ரகச் சின்ன காரின் அருமை நெடுஞ்சாலையில் தெரியாது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில்தான் தெரியும். தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர்; வழியெல்லாம் வளைவுகள்.

நான் வாங்கியது பழைய சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 1.6 லிட்டர் இன்ஜின், 6 கியர் மேனுவல். சாலை வரி ஆண்டுக்கு 90 ரிங்கிட்தான். பெயர் மாற்ற வாகனச் சோதனை கட்டாயம். அதற்கு முன்பே தெரிந்த மெக்கானிக்கிடம் கிளட்ச், பிரேக், டயர் மூன்றையும் காட்டிவிட்டேன். அம்மாவையும் பின் இருக்கையில் உட்கார வைத்துப் பார்த்தேன். முழங்கால் இடித்தது. அதனால் முன் இருக்கை அவருக்கு, பின் இருக்கை பிள்ளைகளுக்கு என்று முடிவானது.

லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியும் கார் மூன்றாம் கியரில் சிரமமின்றி ஏறியது. சஸ்பென்ஷன் இறுக்கம், ஒவ்வொரு குழியும் முதுகில் தெரிந்தது. "மெதுவா போப்பா, மலை எங்கேயும் ஓடிடாது" என்றார் அம்மா. ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைச் சரிவு தெரிந்ததும் பேச்சு நின்றது. அவர் பிறந்தது தோட்டத்து லயத்தில். கண்ணாடியை இறக்கச் சொன்னார். நான் வேகத்தைக் குறைத்தேன்.

இறங்கும்போது இரண்டாம் கியர் போதும். இன்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. இந்த ரகக் கார் வாங்க நினைப்பவர்கள் குதிரைத்திறனைப் பிறகு பாருங்கள். முதலில் வீட்டுப் பெரியவரை உட்கார வைத்து, வளைவுள்ள சாலையில் ஒரு சுற்று போய் வாருங்கள்.